ரூபவாஹினிக்கு ஒரு விஞ்ஞாபனம்

கண்டி

கௌரவ தலைவர் அவர்கள்,
இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம்,
சுதந்திர சதுக்கம், கொழும்பு 07.

ஐயா,

தங்கள் ஆசனத்தில் அமர்வோர் அரசாங்கங்களோடு மாறுவது வழக்கமாதலால், இக்கடிதம் கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து கொழும்பைச் சேர்வதற்குள் அங்கே எவர் வீற்றிருப்பார் என்று அறியும் ஞானதிருஷ்டி எனக்கில்லை. ஆகையால் ஆளை விடுத்து ஆசனத்தையே விளிக்கிறேன். கண்டி மாநகர எல்லைக்குள் நிரந்தரமாக வசிப்பவனும், மாலை வேளைகளில் தொலைக்காட்சி பார்ப்பதையன்றி வேறு துர்ப்பழக்கம் யாதும் அறியாதவனுமாகிய அடியேன், தங்கள் கூட்டுத்தாபனத்தின் கீர்த்தியையும் கஜானாவையும் ஒருங்கே கருதி, ஒரு தொடர்நாடகத்துக்கான யோசனையைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

அமெரிக்காவில் 2006 செப்டெம்பரில் என்.பி.சி. என்னும் நிறுவனம் ‘ஹீரோஸ்’ என்றொரு தொடரை ஆரம்பித்தது. டிம் கிரிங் என்பவர் ஆக்கிய அக்கதையில், நம்மைப் போன்ற சாமானியர்கள் ஒருநாள் விழித்தெழுந்து பார்க்கையில் தமக்கு அபூர்வ சக்திகள் வாய்த்திருப்பதைக் காண்கிறார்கள். டோக்கியோவில் காரியாலயக் குமாஸ்தாவாயிருக்கும் ஒருவன் காலத்தை நிறுத்துகிறான். டெக்சாஸ் மாநிலத்துப் பள்ளி மாணவி ஒருத்தியின் உடம்பில் எந்தக் காயமும் க்ஷணத்தில் ஆறிவிடுகிறது. பொலிஸ்காரன் ஒருவன் பிறர் மனத்தில் ஓடுவதைக் காதால் கேட்கிறான். அரசியல்வாதி ஒருவன் பறக்கிறான் (இது ஒன்றுதான் நமக்குப் புதிதன்று). இவர்களையெல்லாம் தேடித் திரிபவனோ சென்னையிலிருந்து புறப்பட்ட மோகிந்தர் சுரேஷ் என்னும் மரபணு விஞ்ஞானி. செந்தில் ராமமூர்த்தி என்னும் நடிகர் அவ்வேடம் தாங்கினார். அந்தப் பேராசிரியர் நியூயோர்க் சேர்ந்ததும் வாடகைக் கார் ஓட்டப் புறப்படுவதாகக் காட்டிய ஓரிடத்தில் மாத்திரம், கதாசிரியர் உலகம் அறிந்தவர் என்று எனக்குப் பட்டது. முதற் பருவம் மிக நன்று. இரண்டாவது பருவம் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தால் பதினோராம் அத்தியாயத்தோடு முறிந்தது. அதன்பின் சக்திகள் பெருகப் பெருகக் கதை மெலிந்து, 2010 இல் நான்காம் பருவத்தோடு தொடரே அஸ்தமித்தது.

அதைப் பார்த்து முடித்தபின் என் மனத்தில் எஞ்சியது வியப்பன்று; அந்த அமெரிக்கர்களின் கற்பனை வறட்சியைக் குறித்த அனுதாபமே. சாமானியன் ஒருவனுக்குச் சக்தி வாய்ப்பதற்கு அவர்கள் மரபணுவையும் சூரிய கிரகணத்தையும் தேடி அலைகிறார்கள். நம் மலைநாட்டிலோ அதற்கு அரசாங்க வர்த்தமானிப் பத்திரிகை ஒன்றே போதுமாயிருந்தது. மேலும் அங்கே சக்தி முதலில் வருகிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற விசாரம் பின்னர் வருகிறது. இங்கே சட்டம் முதலில் வந்தது. இன்னின்ன அமானுஷ்ய சக்திகள் உடையோர் மட்டுமே மனிதராகப் பதியப்படுவர் என்று அது விதித்தது. சக்தி தேட வேண்டிய பொறுப்பு தோட்டத்து லயத்துக்காம்பிராவில் இருந்த தொழிலாளிக்கு விடப்பட்டது.

விளக்கிச் சொல்கிறேன். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இம்மண்ணிலே பிறந்த ஒருவன் வம்சாவழிப் பிரஜை ஆவதற்குத் தான் பிறந்திருப்பது போதாது; தன் தந்தை இத்தீவில் பிறந்தவர் என்றோ, அன்றேல் தன் பாட்டனும் பூட்டனும் இத்தீவில் பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாக வந்து, வழியில் வாந்திபேதிக்குப் பாதிப்பேரைப் பறிகொடுத்து, கோப்பித் தோட்டத்து ஓலைக் குடிசையில் பிள்ளை பெற்றவர்கள், அப்பிள்ளையின் கொள்ளுப்பேரனுக்கு ஒருநாள் உதவுமே என்று பிறப்பத்தாட்சிப் பத்திரம் எழுதி வாங்கி வைக்கவில்லை என்பது வருந்தத்தக்க அலட்சியந்தான். ஆகவே அந்தக் கொள்ளுப்பேரனுக்கு ஒரே வழி, அந்த ஜப்பானியக் குமாஸ்தாவைப் போலக் காலத்தைப் பின்னோக்கிக் கடந்து சென்று, பூட்டனார் பிறந்த அந்த முகூர்த்தத்தில் ஒரு பதிவாளரைக் கையோடு அழைத்துக்கொண்டு போய் நிறுத்துவதே.

இந்த இடத்தில் நம் நகரத்தின் சரித்திரத்திலிருந்து ஒரு கிளைக்கதையையும் சேர்த்துக்கொள்ளலாம். தலதா மாளிகையின் முன்னே இன்றும் அழகு குன்றாமல் கிடக்கும் குளத்தை வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் நாயக்கர் வம்சத்தவன். தந்தையும் பாட்டனும் தென்னிந்தியர். மேற்படி சட்டத்தின் முன் அவன் நின்றிருந்தால், கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு விண்ணப்பப் படிவத்தை வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியவனே. 1815 இல் அவனைப் பிடித்த ஆங்கிலேயர் மறுவருடம் கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். பின்னால் சொல்லப்போகும் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முந்தியே ‘தாயகம் திரும்பிய’ முதற் கண்டிவாசி என்ற பெருமை அம்மன்னனையே சாரும்.

அடுத்து, மறைந்துபோகும் சக்தி. அமெரிக்கத் தொடரில் ஒரேயொரு ஆங்கிலேயன், கண்ணுக்குத் தெரியாமல் நியூயோர்க் வீதிகளில் நடமாடிச் சில்லறைத் திருட்டுகள் புரிகிறான். அதை ஒரு பெரிய அற்புதமாகக் காட்டுகிறார்கள். இங்கே 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர், நாவலப்பிட்டியிலிருந்து கே. இராஜலிங்கமும், தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும், நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமானும் அவர்களுள் அடங்குவர். பிரஜையல்லாதோருக்கு வாக்கில்லை என்று 1949 இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. 1952 இல் தேர்தல் வந்தபோது அந்த எழுவரின் ஆசனங்களும் அவர்களுக்கு வாக்களித்த பெருந்திரளும் ஒருங்கே அந்தர்த்தானமாகியிருந்தன. காலையில் பெரட்டுக்களத்தில் துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் துல்லியமாகத் தெரிந்த அதே மனிதர், வாக்காளர் இடாப்பைப் புரட்டும் உத்தியோகத்தர் கண்ணுக்கு மாத்திரம் தெரியாமற் போகும் நுட்பத்தை எந்த ஹொலிவூட் கலைஞனும் இன்றளவும் கண்டுபிடிக்கவில்லை. விண்ணப்பித்தால் தோன்றலாம் என்று 1949 இல் இன்னொரு சட்டம் வழிகாட்டிற்று. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். ஏறத்தாழ 1,34,000 பேரே தோன்றினார்கள்.

மனத்தை வாசிக்கும் வித்தைக்கு வருவோம். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தைத் தனி அரசகரும மொழியாக்கியதிலிருந்து, தமிழன்றி வேறெழுத்து அறியாத கொழுந்துக்காரி ஒருத்தியின் கைக்கு அரசாங்கக் கடிதம் வந்தால், உறையின் கனத்தையும் முத்திரை விழுந்த கோணத்தையும் கொண்டுவந்தவனின் முகக்குறிப்பையும் வைத்தே, அதை எழுதிய உத்தியோகத்தரின் உள்ளக்கிடக்கையை அவள் அறிந்தாக வேண்டியதாயிற்று. அந்த அமெரிக்கப் பொலிஸ்காரனாவது தன் சொந்த மொழியில் ஓடும் எண்ணங்களைத்தான் கேட்டான். 1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிவிட்டதால் இவ்வித்தை இன்று சட்டப்படி அநாவசியம். ஆயினும் பயின்ற வித்தையைச் சட்டென்று கைவிட்டுவிட வேண்டாம் என்று அனுபவசாலிகள் ஆலோசனை கூறுகிறார்கள்.

தொடரின் உச்சக்கட்டத்துக்கு 1964 ஒக்டோபர் 30 என்ற தேதியைச் சிபாரிசு செய்கிறேன். அன்று இலங்கை, இந்தியா ஆகிய இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், பிரஜாவுரிமையற்ற 9,75,000 பேரை எடுத்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பகுத்து, மீதி 1,50,000 பேரைப் பின்னர் யோசிக்கலாமென்று தள்ளி வைத்தது. பத்தாண்டு யோசித்து 1974 இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம், பங்கிட்டார்கள். உயிருள்ள மனிதர்களைப் பின்னமின்றி இரண்டால் வகுத்துக் காட்டிய இந்த எண்கணிதத்துக்கு நிகரான அற்புதம் எந்தப் புராணத்திலும் இல்லை. ஒரே லயத்தில் தகப்பன் இந்தியப் பிரஜை, மூத்த மகள் இலங்கைப் பிரஜை, நடுவில் ஒருவன் எப்பிரஜையுமில்லை என்று ஒரு குடும்பமே பல தேசங்களாய் விரிந்தது. பிறகு, ஒருநாளும் போகாத ஊருக்குத் திரும்பிப் போகும் சித்தி கைகூடிற்று. தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகையிரதத்தை மலைநாட்டார் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்தார்கள். மேடையில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் சேர்ந்து எழுப்பிய ஒலிக்குத் தாங்கள் பின்னணி இசை தனியே அமைக்க வேண்டியதில்லை. கடல் கடந்து நீலகிரியில் மறுபடியும் தேயிலைச் செடியின் முன்னேயே நின்றபோது, இங்கே இந்தியாக்காரர் என்று அழைக்கப்பட்ட அவர்கள் அங்கே சிலோன்காரர் ஆனார்கள். இது கூடுவிட்டுக் கூடு பாய்தல். அஷ்டமா சித்திகளுள் பிராகாமியம் என்பர்.

மீந்தவர்கள் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தாலும் மீண்டும் கண்ணுக்குத் தெரியலானார்கள். ஐம்பத்தைந்து ஆண்டு நீண்ட மறைவுக்குப் பின் அவர்கள் தோன்றிய காட்சியில் நான் பரவசமடைந்தேன் என்றே சொல்ல வேண்டும். ஆனால் பழைய சக்திகள் உடனே விடைபெற்றுவிடவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்குவதை அணிமா என்பதா யோகநித்திரை என்பதா என்று பண்டிதர்களே தீர்மானிக்கட்டும். காலத்தை நிறுத்தும் வித்தையும் நன்கு விளங்குகிறது: நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் என்று 2015 இல் எழுந்த கோரிக்கை 2021 மார்ச்சில் வர்த்தமானியில் ஏறிற்று, மறுவருடமே ரூபாயின் பெறுமதி சரிந்ததால், வந்து சேர்ந்த ஆயிரம் கேட்கப்பட்ட ஆயிரமாக இருக்கவில்லை. 2024 செப்டெம்பரில் அது 1,350 ஆயிற்று. அதற்குரிய கொழுந்தின் நிறையோ, சம்பளத்தைப் போல் ஒருபோதும் கால அவகாசம் கேட்டதில்லை.

இனிச் செலவு விஷயம். 1982 பெப்ரவரி 15 இல் ஜப்பானிய அரசாங்கத்தின் உபகாரத்தால் பிறந்த தங்கள் நிலையத்துக்குச் சிக்கனத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. டைட்டஸ் தொட்டவத்த என்னும் கலைஞர் தங்கள் குரல் மாற்றுப் பிரிவிலிருந்துகொண்டு ஓர் அமெரிக்க முயலுக்கே சிங்களம் பேசக் கற்பித்து, ‘ஹா ஹா ஹரி ஹாவா’ என்ற பெயரில் தேசத்தின் குழந்தைகளையெல்லாம் சிரிக்க வைத்தார். முயலுக்கு வாய்த்த மொழிபெயர்ப்பு வசதி மலைநாட்டு மனிதருக்கும் வாய்க்காமலா போகும்? படப்பிடிப்புக்கு வெகுதூரம் போக வேண்டாம். ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஹந்தானையில் 1925 ஆம் ஆண்டின் தொழிற்சாலை ஒன்று தேயிலை நூதனசாலையாகி, பழைய உருளைகளும் நீராவி இயந்திரங்களும் எண்ணெய் பூசப்பட்டு, ஒவ்வொன்றும் தத்தம் பிறந்த ஊர் எழுதிய பலகையோடு சௌக்கியமாக வீற்றிருக்கின்றன. அவற்றின் பூர்வீகம் எங்கே என்று எவரும் ஐயுற்றதில்லை. அதன் மேல்மாடியில் பிரயாணிகளுக்கென்று ஒரு தொலைநோக்கியும் உண்டு; அதை மறைந்துபோனவர்கள் வரும் அத்தியாயத்தில் உபயோகிக்கலாம்.

வீரர்களுக்கு விசேஷ உடுப்பும் வேண்டியதில்லை. மேனாட்டு வீரன் தன் மேலங்கியைத் தோளிலிருந்து முதுகில் தொங்கவிடுவதுபோல, நம் நாயகி இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, கூடையைத் தலைக்கயிற்றால் முதுகில் தொங்கவிட்டிருப்பாள். வித்தியாசம் என்னவென்றால் அவனுடையது காற்றில் பறக்கும், இவளுடையது பறக்காது. வில்லனைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் சிரமம் உண்டு. அமெரிக்கத் தொடரில் பிறர் மண்டையைத் திறந்து சக்தியை அபகரிக்கும் கடிகாரக்காரன் ஒருவன் இருக்கிறான். முகமுள்ளவன், ஆதலால் அவனை வெறுப்பது சுலபம். நம் கதையில் வில்லன் ஒரு கோப்பு. அது ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குப் போகிறது. ஒவ்வொரு மேசையிலும் பண்பான ஒருவர் இருந்து, இது தம் பிரிவுக்குரியதன்று என்று உண்மையாகவே வருந்திச் சொல்கிறார். இவ்வேடத்துக்கு நடிகர் தேடுவதை விட, அசல் கோப்பையே தேசிய சுவடிகள் திணைக்களத்திலிருந்து இரவல் பெறுவது உத்தமம்.

கடைசி அத்தியாயத்தில் உலகத்தைக் காப்பாற்றுவது முதலிய ஆடம்பரங்களை விலக்கிவிடும்படி பிரார்த்திக்கிறேன். அமெரிக்க நாயகர்கள் சாமானியராய்த் தொடங்கி அசாதாரணராய் முடிகிறார்கள்; நம்மவர் இருநூறு ஆண்டு அசாதாரணராயிருந்து களைத்துப்போனவர்கள், அவர்களைச் சாமானியராக முடியவிட வேண்டும். பல தோட்டங்களில் தபால் இன்னும் தோட்டத்து ஒபீசோடு நின்றுவிடுகிறதாதலால், தபால்காரர் ஒருவர் படியேறி லயத்தின் வாசல்வரை வந்து, இலக்கமிட்ட கதவைத் தட்டி, நாயகியின் பெயரைப் பிழையின்றி வாசித்து, அவளுக்குப் புரியும் மொழியில் எழுதப்பட்ட கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போவதாகக் காட்டினாற் போதும். இதைப் படமாக்குவதற்கு விசேஷ தந்திரக் காட்சிகள் எவையேனும் தேவைப்படுமென்று தங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் கருதுவார்களாயின், அதற்கான செலவு மதிப்பீட்டை மூன்று பிரதிகளில் அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
கண்டிவாசி