நகராத சிலுவையும் நடக்கும் நிலமும்

அமெரிக்க காங்கிரஸின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

போர் நினைவுச்சின்னம் ஒன்றை இடம் மாற்ற வேண்டுமென்றால் மற்ற அரசுகள் கிரேனைத் தேடும், லாரியைத் தேடும். நீங்களோ சின்னத்தை நிற்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, அதன் அடியில் இருக்கும் நிலத்தை மாற்றுகிறீர்கள். பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில், சன்ரைஸ் ராக் என்னும் பாறைமேல், முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக முன்னாள் படைவீரர்கள் 1934இல் ஒரு சிலுவை நட்டார்கள். நிலம் அரசுடையது. 1999இல் அதன் அருகே புத்த ஸ்தூபி வைக்க ஒருவர் அனுமதி கேட்டார். முடியாது என்றது தேசியப் பூங்காத் துறை. அந்த நியாயம் சிலுவைக்கும் பொருந்துமே என்று துறைக்கு உறைத்திருக்க வேண்டும். அதையும் அகற்றப்போவதாகச் சொன்னது. உங்களுக்கு வந்ததே கோபம்!

2000இல், சிலுவையை அகற்ற அரசுப் பணத்தில் ஒரு காசும் செலவழிக்கக் கூடாதென்று சட்டம் போட்டீர்கள். 2002இல் அதைத் தேசிய நினைவுச்சின்னம் ஆக்கினீர்கள். அரசு நிலத்தில் சிலுவை நிற்பதை எதிர்த்து வழக்கு வந்திருந்தது; நீதிமன்றம் மசியவில்லை. 2003இல் ராணுவச் செலவினச் சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் செருகினீர்கள்: சிலுவை நிற்கும் 1 ஏக்கர் தனியாருக்கு, பதிலுக்கு 5 ஏக்கர் அரசுக்கு. நினைவுச்சின்னமாகப் பராமரிக்காவிட்டால் அந்த 1 ஏக்கரும் அரசுக்கே திரும்பிவிடும். கொடுத்த மாதிரியும் ஆச்சு, கொடுக்காத மாதிரியும் ஆச்சு. தாலுகா ஆபீஸில் பழம் தின்று கொட்டை போட்டவருக்கும் இந்த யோசனை வராது.

வழக்கு முடிகிறவரை சிலுவையை ப்ளைவுட் பெட்டி போட்டு மூடி வைத்தார்கள். (வீரர்களை நாடு மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை பாடும்.) 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று உங்கள் பக்கம் சாய்ந்தது. எதிர்த்த நால்வரில் ஒருவர் ஜான் பால் ஸ்டீவன்ஸ். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றியவர். போருக்குப் போய்வந்தவர் பேச்சையா கேட்பது? மறுமாதமே சிலுவை களவுபோனது. 2012இல் நிலம் கைமாறியதும் புதிது நட்டார்கள்.

அங்கே அரசு நிலத்தைத் தனியார் நிலமாக்கினீர்கள். சான் டியேகோவின் மவுன்ட் சொலிடாட் குன்றில் தலைகீழ். நகராட்சி இடத்தில் 1954 முதல் நின்ற சிலுவை அது. போர்வீரர்களுக்கானது என்ற பலகை 1989இல் வழக்கு வந்த பிறகுதான் முளைத்தது. 2006இல் சட்டம் இயற்றிக் குன்றின் உச்சியை மத்திய அரசின் சொத்தாக்கினீர்கள். வழக்காடியவர்களில் யூதப் படைவீரர்களின் சங்கமும் உண்டு. அவர்கள் எந்த நாட்டுப் படையில் இருந்தார்கள் என்று விசாரித்தீர்களா? அரசு நிலத்தில் அந்தச் சிலுவை நிற்பது தவறு என்றது 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம். 2014இல் இன்னொரு சட்டம். 2015இல் அதே இடம் 14 லட்சம் டாலருக்கு ஒரு தனியார் சங்கத்துக்குப் போனது. சிலுவை ஓர் அங்குலமும் நகரவில்லை.

செத்தவன் எந்தச் சாமியைக் கும்பிட்டான் என்று குண்டு பார்க்கவில்லை. ஒரே மதத்தின் சின்னத்தை எல்லோர் தலைமாட்டிலும் அரசு நடலாமா என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லாமல் பத்திரம் மாற்றியே பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டீர்கள்.

போகட்டும். 1999இல் ஸ்தூபி கேட்டவரின் மனு எந்த அலமாரியிலாவது கிடந்தால் தூசு தட்டி எடுங்கள். அவருக்கும் ஒரு ஏக்கர் பார்த்துக் கொடுங்கள். அடுத்த ராணுவச் செலவினச் சட்டத்தில் ஒரு பிரிவுக்கு இடமிருக்காதா என்ன?

இப்படிக்கு,
உங்கள் நிலக் கணக்கைத் தள்ளி நின்று பார்த்து வியக்கும் ஒருவன்