மீனு மூச்சு வாங்குது, தம்பி மருந்து வாங்குறான்

ஏங் கண்ணு, மொகத்த இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற? மீன் தொட்டிக்குத் தண்ணி மாத்துனயாமா. சித்தெ நேரத்துல மீனெல்லாம் மேலுக்கு வந்து வாயப் பொளந்துச்சாமா. அட்டைய முக்கிப் பாத்தா 8-ல இருந்த பி.ஹெச். சரிஞ்சு கெடந்துச்சாமா. ஒடனே கடைக்காரனுக்கு போனு. அவனும் உன்ற மாதிரி ஆளு கூப்புடுவான்னுதான் கல்லாவத் தொறந்து வெச்சுக் காத்திருக்கறான். பி.ஹெச். ஏத்தறதுக்கு ஒரு பாட்டிலு, மீனோட மனசு தேறறதுக்கு ஒரு பாட்டிலு, குளோரின முறிக்கறதுக்கு ஒரு பாட்டிலு. நம்முளுது போர்த் தண்ணி, சாமி. ஆயிரம் அடிக்குள்ளாற எறங்கிப் போயி எவன் குளோரினப் போட்டான்?

மழைத் தண்ணி மண்ணுக்குள்ள எறங்கறப்ப வெறுங்கையோட போறதில்ல. வேரும் புழுவும் கண்ணுக்குத் தெரியாத கிருமியும் உட்ட மூச்சு பூராத்தையும் வாரிக்கிட்டுத்தான் போகுது. வெளிக்காத்துல இருக்கறதப் போலப் பல மடங்கு கார்பன் டை ஆக்சைடு மண்ணுக்குள்ள அடைஞ்சு கெடக்குது. அதக் கரைச்சுக்கிட்ட தண்ணி பாறை இடுக்குல போயி உக்காந்துக்கும். மோட்டாரப் போட்டதும் அந்த வாயுவோடயே மேல வருது. கோலி சோடாவ ஒடைச்சு வெச்சா என்னாகும்? புஸ்ஸுன்னு போயி, பொழுதோட பாத்தா வெறும் தண்ணி. அதே கதைதான். நீ ஒடைச்ச கையோட மீனு தலையில ஊத்திப்போட்டு, அது மூச்சு வாங்குதுன்னு அழுவற. மீனு தன் ரத்தத்துல இருக்கற அந்தக் காத்தத் தண்ணியிலதான் தள்ளோணும். தண்ணியிலயும் அதுவே நெறைஞ்சு கெடந்தா எங்க கொண்டுபோயித் தள்ளும்? போர்த் தண்ணியில பிராண வாயுவும் பெரும்பாலும் கம்மி. பொறவு மேல வந்து வாயப் பொளக்காம பாட்டா பாடும்?

மருந்த ஓரமா வெய்யி. டம்ளருல இப்பப் புடிச்ச தண்ணிய அட்டையில பாரு. 7 காட்டுதா? அதுலயே ஏர் ஸ்டோனப் போட்டு ராத்திரி பூரா ஓட உடு. வெடியால பாத்தா 8-கிட்ட நிக்கும். ஆரு வந்து ஏத்துனது? ஆரும் ஏத்தல. தண்ணியோட காரம் மாறாம அந்த வாயு மட்டும் பத்துல ஒரு பங்காக் கொறைஞ்சா, பி.ஹெச். ஒரு எண்ணு ஏறும். இது கணக்கு. இதுல நீ ராத்திரியே மருந்தையும் ஊத்துனீன்னு வெய்யி, மருந்து ஒருபக்கம் ஏத்தும், வாயு போறது ஒருபக்கம் ஏத்தும். வெடியால எறக்கற மருந்துக்கு மறுபடியும் கடைக்கு ஓடோணும். கடைக்காரன் பொண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம் வெச்சிருக்கறானோ என்னமோ.

பழைய சிமெண்டுத் தொட்டி ஒண்ணு பின்னால சும்மாதானே கெடக்குது? ஓச ஒசரக் கட்டி, தண்ணி செதறி உழுகற மாதிரி உடு. ஒரு நா ஏர் பம்பு ஓடட்டும். துணியப் போட்டு மூடி வெய்யி, இல்லீனா கொசு முட்டை வெச்சுப்போடும், அப்பறம் டெங்குப் புழு பாக்கற அம்மா வந்து உன்னைய வையும். தண்ணி செம்பட்டையா மாறுனா பயந்துக்காத. கரைஞ்சிருந்த இரும்பு காத்துப் பட்டுத் துருவாயிருக்குது, அடியில தங்குனதும் மேல் தண்ணிய மொண்டுக்க. உப்பும் கடுப்பும் மட்டும் இதுல போகாது. அதுக்குக் கப்பி, மோலின்னு கடுந்தண்ணிக்கு ஒத்த மீனா வளத்துப்போடு. நெதமும் ஆர்.ஓ. தண்ணி குடிச்சாத்தான் ஆச்சுங்கற சீமை மீனு நமக்கெதுக்கு?

இத்தனையும் சொல்லிப்போட்டு நம்ம பக்கத்து வீதிப் பையனச் சொல்லாம உட்டாப் பாவம். அவன் தொட்டியில மீனுக்கு மரியாதை இல்ல, செடிதான் எசமான். ஜப்பான்ல தகாஷி அமானோன்னு ஒரு போட்டோக்காரரு, 1982-லயே இதுக்குன்னு கம்பெனி தொறந்தவராமா. அவரு படத்தப் பாத்துப்போட்டு இவன் சிலிண்டரு வாங்கியாந்துட்டான். என்ன சிலிண்டரு? அதேதான், கார்பன் டை ஆக்சைடு. குமிழி எண்ண ஒரு குப்பி, ராத்திரியானா அடைக்க ஒரு டைமரு, அளவு பாக்கறதுக்கு நெறம் மாறற கண்ணாடிச் சொப்பு. நீலம்னா பத்தலையாம், பச்சைன்னா லிட்டருக்கு 30 மில்லிகிராமு, மஞ்சளாச்சுன்னா மீனுக்குச் சங்காம். நீ காசு குடுத்து வெரட்டற சரக்க அவன் காசு குடுத்து அடைக்கறான். கடை ரெண்டு பேருக்கும் ஒண்ணேதான்.

நாந்தான் மனசு கேக்காம, "அப்பனு, நீ தேடற சரக்கு நம்மூர்ப் போர்த் தண்ணியிலயே ஓசியில வருதுடா"ன்னேன்.

"அது இம்போர்ட்டடா அப்பாரு?"ன்னு கேக்கறான்.