இட்லியை ஆற்றல் அலகாகக் கொள்ளுதல்: ஒரு முன்மொழிவு

துகள் இயற்பியலார் எலக்ட்ரான் வோல்ட்டில் எண்ணுகிறார்கள். வானியலார் இன்றும் எர்க்கை விட்டபாடில்லை. வெடிமருந்துக்காரருக்கு டி.என்.டி. டன், டயட் சொல்பவருக்குக் கலோரி, ரீடிங் எடுக்க வருபவருக்கு யூனிட். எல்லோரும் அளப்பது ஆற்றல் ஒன்றைத்தான். இவர்களை ஒரே பந்தியில் உட்காரவைக்க இட்லியால் மட்டுமே இயலும் என்பது இவ்வாய்வின் துணிபு.

முதற்கண் வரையறை. ஓர் இட்லி 50 கிலோ கலோரி, அதாவது சுமார் 2,09,000 ஜூல் எனக் கொள்க. காஞ்சிபுரம் இட்லி, தட்டு இட்லி முதலியவை திரிபுகள் என விலக்கப்பட்டன. சட்னியும் விலக்கே, தேங்காயின் கொழுப்பு முடிவுகளைப் பாதிக்கும்.

இனி நுண்மை. கீழ்முந்திரி என்பது 1,02,400-இல் ஒரு பங்கு. ஒரு ஜூலுக்குக் கீழ்முந்திரி கண்டு, அதற்கும் கீழ்முந்திரி கண்டு, இப்படி மூன்று முறை இறங்கினாலும் எலக்ட்ரான் வோல்ட் கைக்கு எட்டாது. நான்காம் முறை அதைத் தாண்டிக் கீழே போய்விடுவோம். ஓர் இட்லியில் அது 1,300 கோடி கோடி கோடி இருக்கிறது. எர்க் அவ்வளவு படுத்தாது. ஒரு ஜூலுக்குச் சரியாக ஒரு கோடி எர்க். நமக்காகவே வகுத்ததுபோல் இருக்கிறது.

டி.என்.டி. டன் என்பதை நூறு கோடி கலோரி என்றே வரையறுத்திருக்கிறார்கள். ஆக, ஒரு டன்னுக்கு 20,000 இட்லி. ஒரு கிராமுக்குப் பார்த்தால் வெடிமருந்து ஒரு கிலோ கலோரி, நெய் ஒன்பது. அப்படியானால் நெய் ஜாடி ஏன் வெடிப்பதில்லை? வெடிமருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பகுதியை மூலக்கூறுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வருகிறது. அதன் வெடிப்பலை நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஓடுகிறது. நெய்யோ முழுக்க முழுக்க வெளிக்காற்றை நம்பியிருக்கிறது. நெய்ப் பொடி இட்லி சாப்பிடுவோர் அஞ்ச வேண்டியதில்லை, மருத்துவர் சொல்வது நீங்கலாக.

ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் ஓடும் ஹேட்ரான் மோதுவிக்குள் புரோட்டான்கள் கொத்துக் கொத்தாகப் பாய்கின்றன. வடிவமைப்புக் கணக்கின்படி கொத்துக்கு 11,500 கோடி புரோட்டான், ஒவ்வொன்றுக்கும் 7 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட். கூட்டிப் பார்த்தால் ஒரு கொத்து முக்கால் இட்லிகூடத் தேறவில்லை! ஆனால் ஒரு கற்றையில் 2,808 கொத்துகள், மொத்தம் 36.2 கோடி ஜூல், சுமார் 1,730 இட்லி. ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். ஆகவே 2016 முதல் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வீடு இலவசமாகத் தரப்படும் 100 யூனிட்டும் அந்தக் கற்றையும் ஏறக்குறைய ஒன்றே. நாம் அதில் மிக்சி ஓட்டுகிறோம்.

பெருமைக்கு ஒரு சான்று போதும். விண்மீன் வெடிப்புகளை அளக்க வானியலார் வைத்திருக்கும் அலகு, 1-க்குப் பின் 51 சுழியம் போட்ட எர்க். ஐந்து கோடிகளை அடுக்கி முன்னால் 4,780 என்று எழுதினால் இட்லி விடை வந்துவிடும்.

எஞ்சுவது மூலப்படி பற்றிய சிக்கல். கிலோகிராமுக்குப் பாரிஸ் அருகே செவ்ரில் பிளாட்டினம்-இரிடியம் உருளை ஒன்றைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து, 2019 வரை அதையே மூலமாகக் கொண்டிருந்தார்கள். இட்லியை அப்படி வைத்தால் மறுநாள் காலை யாராவது உதிர்த்து உப்புமா தாளித்துவிடுவார்கள். எண்ணெய் சேர்வதால் அலகின் மதிப்பு கூடிவிடும். இட்லி-உப்புமா மாற்றக் காரணி தனியே ஆயப்படும்.