பூட்டுக்கும் கொஞ்சம் டீசல்

மரக்காணத்தில் உப்பேற்றிக்கொண்டு பெருமுக்கல் வழியாகத் திண்டிவனம் போகும் லாரிகளின் டேங்க் மூடியைக் கவனியுங்கள். பூட்டுப் போட்டிருப்பார்கள். உப்புக் காற்று அதற்கு முன்பே இன்னொரு பூட்டுப் போட்டிருக்கும். பங்க்கில் கிளீனர் கல்லால் நாலு தட்டு தட்டி, சாவித் துவாரத்தில் சொட்டு டீசல் விட்டுத்தான் திறக்க வேண்டும். திருடருக்கு அந்தச் சிரமம் இல்லை. அவர் மூடிப் பக்கமே வருவதில்லை. டேங்கின் அடியில் இருக்கும் போல்ட்டை ஸ்பேனரால் தளர்த்திக் கேனை வைத்துவிடுகிறார். டேங்க்கைக் கைக்கெட்டும் உயரத்தில் வெளியே தொங்கவிட்டவர் நல்ல மனசுக்காரர்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் திருட்டுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379 போய், பாரதிய நியாய சன்ஹிதாவின் 303 வந்தது. பூட்டில்லாத டேங்க்கின் வாயில் விட்டு டீசலை உறிஞ்சும் டியூப் மட்டும் அதேதான்.

டியூப் இறங்காமலிருக்க டேங்க் வாயில் சல்லடை போட்டார்கள். பங்க்கில் டீசலும் நுரைத்துக்கொண்டு மெதுவாகவே இறங்கியது. பிறகு சென்சார். மட்டம் திடீரென்று குறைந்தால் ஓனரின் செல்போன் அலறும். திடீரென்று குறைந்தால்தானே? இன்ஜினுக்குப் போய் எரியாமல் மிஞ்சும் டீசல் டேங்க்குக்குத் திரும்ப ஒரு ரிட்டர்ன் குழாய் உண்டு. வண்டி உறுமிக்கொண்டிருக்கும்போதே அதைக் கழற்றிக் கேனுக்குள் விட்டால் மட்டம் மரியாதையாக, மெதுவாக இறங்கும். லாரி கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது என்று சென்சார் சாட்சி சொல்லும். ஓனர் மெக்கானிக்கை மாற்றுவார்.