இடது தோள் அரை அங்குலம்

ரெடிமேட் சட்டைக் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் ஒரே ஆளை மனதில் வைத்துக்கொண்டு தைக்கிறார்கள். அந்த ஆளுக்கு இரண்டு தோளும் ஒரே மட்டம். நெஞ்சு முன்னால் இருக்கும், வயிறு பின்னால் இருக்கும். நாற்பது வயதைத் தாண்டிய அப்படி ஒரு ஆம்பளையைத் திருச்செங்கோட்டில் நான் பார்த்ததில்லை.

எங்க வீட்டுக்காரருக்கு வயிற்றைப் பார்த்து 44 எடுத்தால், தோள் தையல் முழங்கையை நோக்கி இறங்க ஆரம்பிக்கும். தோளைப் பார்த்து 40 எடுத்தால், பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் பனியன் எட்டிப் பார்க்கும். தைக்கக் கொடுக்கலாம்தான். ஆனால் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் ராத்திரி பகலாகத் தறி ஓடி மலைமலையாகத் துணி விழுகிற இந்தச் சீமையில், சட்டை தைக்கிற டெய்லரைத் தேட வேண்டியிருக்கிறது. இருக்கிற ஒன்றிரண்டு பேரும் மே மாதம் வந்தால் பள்ளிக்கூட யூனிஃபார்முக்குள் போய்விடுவார்கள். ஆடியில்தான் வெளியே வருவார்கள்.

நான் ஜாக்கெட் தைக்கிறவள். ஜாக்கெட்டுக்கு அளவு ஜாக்கெட் என்று ஒன்று வந்துவிடும், அதை வைத்து வெட்டிவிடலாம். ‘அளவு சட்டை குடுங்க’ என்றேன். பீரோவின் அடித்தட்டிலிருந்து கல்யாணத்துக்குத் தைத்த சட்டையை எடுத்து வந்தார். “இதுதான் புள்ள எனக்குக் கரெக்ட்டு.”

சரி, ஆளையே அளப்போம் என்றால், டேப்பைக் கண்டதும் மூச்சை உள்ளே இழுத்து விறைப்பாக நிற்கிறார். அந்த நிலையில் அவர் வயிறு 37. அவர் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீசில் இருப்பவர். நல்லவேளை, போன் அடித்தது. எங்கேயோ லோடு இறங்காமல் வண்டி நிற்கிறதாம். போனை இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு டிரைவரைத் திட்ட ஆரம்பித்தார். வயிறு தன் இயல்புக்குத் திரும்பியது. 41. கத்திப் பேசும்போது இன்னும் ஒரு அங்குலம். அதையும் குறித்துக்கொண்டேன்.

தையல் படித்தவர்களுக்கு ஜராப்கர் என்ற பெயர் தெரியும். அவருடைய வெட்டும் முறைதான் இந்தியா முழுக்க எத்தனையோ தையல் வகுப்புகளில் வேதம். மார்பளவு ஒன்று தெரிந்தால் போதும்; அதில் நாலில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று என்று வகுத்து வகுத்து முழு ஆளையும் பேப்பரில் கொண்டுவந்துவிடலாம். அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற டெய்லர் 1863இல் சைஸ் வாரியாகப் பேப்பர் வெட்டியே விற்க ஆரம்பித்தார். அவரும் முதலில் தொட்டது ஆண்கள் உடுப்பைத்தான். கணக்கில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மார்பை வகுத்தால் வயிறு வந்துவிடும் என்று நம்புகிற அந்த நல்ல மனசுதான் எங்கள் வீட்டில் செல்லுபடியாகவில்லை.

நல்ல துணியில் கை வைக்கும் முன்னால் காடாத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். காடாவுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. கஞ்சி போக அலசிக் காயவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் துணியின் விறைப்பை ஆளின் விறைப்பு என்று நினைத்துக்கொள்வோம். காலர், காஜா எதுவும் வேண்டாம், ஊசி குத்தினால் போதும். அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவரைப் பார்த்து அத்தை, “என்ன சாமி, எம்பையனுக்கு ஆஸ்பத்திரித் துணியைப் போட்டு நிறுத்தியிருக்கறே?” என்று பதறிவிட்டார்.

காடா பொய் சொல்லாது. கழுத்திலிருந்து வலது அக்குளுக்குச் சாய்வாக ஒரு சுருக்கம் ஓடியது. இடது பக்கம் அது இல்லை. இத்தனை வருஷமாகப் போனை இடுக்கி இடுக்கி இடது தோள் அரை அங்குலம் மேலே போய் அங்கேயே குடியேறிவிட்டது. வலது தோளின் வெளி ஓரத்தில் அரை அங்குலம் இறக்கினேன். தோளை இறக்கினால் கைக்குழியையும் அதே அரை அங்குலம் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அக்குளில் பிடிக்கும்.

“கை தூக்க முடியல, அக்குளை இன்னும் ஆழமா வெட்டி விடு” என்றார். எல்லா ஆண்களும் சொல்வதுதான். விஷயம் நேர் தலைகீழ். குழி ஆழமானால் கை தூக்கும்போது முழுச் சட்டையும் கூடவே கிளம்பிவிடும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறவர்களின் இடுப்பைப் பார்த்தால் தெரியும். கொஞ்சம் ஏற்றி வெட்டி, கையின் அகலத்தைக் கூட்டினால்தான் கை தனியாகத் தூக்கும். கழுத்து இன்னும் வில்லங்கம். ‘கொஞ்சூண்டு இறுக்குது’ என்பதை நம்பிச் சுற்றிலும் கால் அங்குலம் வெட்டினால், சுற்றளவு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் கூடிவிடும். அப்புறம் வெட்டி வைத்த காலர் எட்டாது. அதனால் கத்தரிக்கோலை எடுக்காமல் ஓரத்தில் சின்னச் சின்னதாக நறுக்கு மட்டும் கொடுத்தேன். மூச்சு வந்துவிட்டது.

வயிறுதான் பெரிய வேலை. பக்கத் தையலில் லூஸ் விட்டால் தீராது. சட்டை கூடாரமாகும், முன்பக்கம் மட்டும் மேலே ஏறும். முன்பக்கப் பேப்பரைக் கீழிருந்து மேலே கிழித்து, வயிற்று மட்டத்தில் குறுக்கேயும் கிழித்து, விரித்து, நடுவில் வேறு பேப்பர் வைத்து ஒட்ட வேண்டும். அப்போதுதான் அகலத்தோடு நீளமும் கிடைக்கும். கைக்கு வந்த பழைய நாளிதழைக் கிழித்து ஒட்டினேன். பார்த்தால், அவர் தொப்பை இருக்கும் இடத்தில் நாமக்கல் முட்டை விலை நிலவரம்.

“இவ்வளவு பேப்பரா?” என்றார்.

“கொள்முதல் விலை ஏறியிருக்குதுங்க.”

ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

ஆனால் சட்டை நன்றாக வந்தது. இளம் பச்சையில் பாப்ளின், 58 அங்குலப் பன்னாவில் ஒரு மீட்டர் அறுபதுக்கு மேல் அரை முழம் கூடுதலாகவே எடுத்திருந்தேன். காஜா மட்டும் கடையில் எடுத்தேன். பட்டன் இடைவெளியைச் சமமாகப் பிரிக்கவில்லை. வயிறு அதிகம் தள்ளுகிற இடத்தில் முதலில் ஒரு பட்டனை வைத்து, அங்கிருந்து மேலும் கீழும் கணக்குப் போட்டேன். பனியன் எட்டிப் பார்ப்பது நின்றது. அதைப் போட்டுக்கொண்டு போன ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் எந்தக் கடை என்று கேட்டார்களாம். ‘ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்லித் தைக்கணும்’ என்று பதில் சொல்லியிருக்கிறார், என்னமோ இவர் சொல்லித்தான் நான் தைத்த மாதிரி.

மறுவாரம் கொழுந்தனார் வந்தார். ஆணியில் சுருட்டித் தொங்கவிட்டிருந்த பேப்பரைக் காட்டி, “அண்ணி, அண்ணனும் நானும் ஒரே சைசுதானுங்களே. அதையே வச்சு எனக்கும் ஒண்ணு வெட்டிக் குடுத்துருங்க” என்றார். ரிக் வண்டி ஆபீசில் இருப்பவர், இவரைவிட அதிகமாகப் போனில் வாழ்கிறவர்.

“போனை எந்தக் காதுல வச்சுப் பேசுவீங்க?”

“வலது காதுலைங்க. ஏனுங்க அண்ணி?”

“அப்படின்னா பேப்பரைத் திருப்பிப் போட்டு வெட்டணும். பட்டன் பொம்பளைங்க சட்டைப் பக்கம் போயிரும், பரவாயில்லைங்களா?”

கொழுந்தனார் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் லோடு பேசிக்கொண்டிருந்தார்.