பொய்யொலி விசாரம்

புதையல் தேடும் சாஸ்திரத்தில் குழி தோண்டுவது எப்படி, தோண்டிய குழியைப் புல் சாயாமல் மூடுவது எப்படி, நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்பது எப்படி என்பன பற்றியெல்லாம் விஸ்தாரமாக எழுதிவைத்த பெரியோர்கள், மெட்டல் டிடெக்டர் என வழங்கும் உபகரணம் மண்ணுக்கடியில் யாதொன்றும் இல்லாத இடத்தில், எவரும் ஆட்டாமல் அசைக்காமல் பிடித்திருக்கும்போதே, பொன்னைக் கண்டாற்போலக் கூவிக் குதூகலிக்கும் விந்தையை மட்டும் இரண்டு வரியில் சொல்லிக் கடந்து போயிருப்பது அறிவுலகுக்கு நேர்ந்த குறை என்றே கருதுகிறோம். மின்சாரக் குறுக்கீட்டால் எழும் அவ்வோசையைப் பொய்யொலி என்று இங்கே வழங்கி, அதன் உற்பத்தியையும் இலட்சணத்தையும் நிவர்த்தியையும் நம்மால் இயன்றவரை விசாரிக்கப் புகுகின்றோம்.

பொய்யொலியின் காரணத்தைக் குறித்து மூன்று பூர்வபட்சங்கள் உலவுகின்றன. கருவி கெட்டுவிட்டது என்பது முதலாவது. விற்றவனிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உத்தேசம் உடையவர்கள் இதனை உறுதியாகப் பற்றி நிற்பார்கள். மண்ணில் இரும்புத் தாது மிகுந்திருக்கிறது என்பது இரண்டாவது. சில நிலங்களில் இது மெய்யேயாதலால் மரியாதையோடு மறுக்கத்தக்கது. புதையலைக் காக்கும் பூதமே கருவியோடு விளையாடுகிறது என்பது மூன்றாவது. நம் பாட்டிமார் அனைவரும் இக்கட்சியினர். மூன்றையும் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, பாட்டிமாரின் கொள்கையே உண்மைக்கு மிக அணுக்கமாக நிற்கிறது என்பது எமது சித்தாந்தம். பூதம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது புதையலைக் காப்பதில்லை. அங்கே புதையல் இருப்பதே அதற்குத் தெரியாது. கம்பி வழியாகவும் வான் வழியாகவும் தன் காரியமாகப் போய்க்கொண்டிருக்கும் அப்பூதத்தின் ஓயாத பேச்சை நமது கருவி ஒட்டுக்கேட்டுவிடுகிறது, அவ்வளவே.

இந்தப் பகை கருவியோடு கூடவே பிறந்தது. 1881-ம் ஆண்டு ஜூலை 2-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிவிட்ட குண்டு எங்கே கிடக்கிறது என்பது வைத்தியர்களுக்குப் புலப்படவில்லை. எக்ஸ்ரே கதிர்கள் கண்டுபிடிக்கப்பட இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. டெலிபோனுக்கு உரிமை பெற்று ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், டேவிட் ஹியூஸ் என்பார் 1879-ல் அமைத்த தூண்டல் தராசைத் திருத்தி, அதனோடு தம் டெலிபோனின் காதுக்குழாயைப் பொருத்தி, உலோகத்தை அணுகினால் ஒலி கேட்கும்படியாக ஓர் உபகரணம் செய்துகொண்டு வெள்ளை மாளிகைக்குப் போனார். ஜூலை 26-ம் தேதி இரவு நடந்த முதற் சோதனையில் அவர் காதில் விழுந்தது குண்டின் குரல் அன்று. விட்டுவிட்டுச் சிதறிய ஓர் இரைச்சல். மின்தேக்கி ஒன்று தவறாக இணைக்கப்பட்டிருந்தது பிற்பாடே தெரியவந்தது. ஆகஸ்டு 1-ம் தேதி இரண்டாம் சோதனை. இம்முறை இணைப்புகள் யாவும் சரியாக இருந்தும், மெல்லிய ஓசை ஒன்று ஓரிடத்தில் நில்லாமல் பெரும்பரப்பில் பரந்து கேட்டது. ஜனாதிபதி படுத்திருந்த குதிரைமயிர் மெத்தையின் கீழே எஃகுக் கம்பியாலான மற்றொரு மெத்தை இருந்தது என்பதை அதற்குப் பிறகுதான் பெல் அறிந்தார். மேலும், தலைமை வைத்தியர் வில்லார்ட் பிளிஸ், குண்டு வலப்பக்கத்திலேயே இருக்கிறது என்று நிச்சயம் செய்துகொண்டு அப்பக்கத்தைத் தேடவே இசைந்தார்; செப்டம்பர் 19-ல் கார்ஃபீல்ட் காலமான பின் உடலைத் திறந்து பார்த்தபோது குண்டு இடப்பக்கத்தில் இருந்தது.

இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இரவுகளையும் ஒன்றாகக் கலந்து, பழி முழுவதையும் மெத்தையின் தலையில் ஏற்றிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நமது சாஸ்திரம் இதற்கு ஒப்பாது. மெத்தைக் கம்பி மெய்யான உலோகம். அதைக் கண்டு ஒலித்தது கருவியின் நேர்மைக்கே சாட்சியாகும். முதல் இரவின் இரைச்சலே மின்சாரத்தில் பிறந்து உலோகமாக வேஷம் போட்டது. பொய்யொலி வம்சத்துக்கு அதுவே ஆதிபுருஷன். வைத்தியர் பிளிஸின் நிச்சயமோ மூன்றாவது இனம். அதைக் குறைப்பதற்கு இன்றுவரை எக்கம்பெனியும் தன் கருவியில் ஒரு குமிழ் வைக்கவில்லை.

இனி உற்பத்தி. கருவியின் அடியில் வட்டமாக இருக்கும் தட்டினுள் இரு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்று, பெரும்பாலான கருவிகளில் விநாடிக்குச் சில ஆயிரம் முதல் சில பத்தாயிரம் தடவை திசைமாறும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. அப்புலம் தீண்டிய நாணயத்தில் சுழல் மின்னோட்டம் தோன்ற, அதனால் நாணயம் தானும் ஒரு சிறு புலத்தை எழுப்ப, அதை மற்றச் சுருள் வாங்கிக்கொள்கிறது. போகும் புலமும் தூரத்தின் முப்படியாகத் தேய்கிறது, திரும்பும் புலமும் அவ்வாறே தேய்கிறது. ஆகவே சுருளின் அளவைவிட ஆழம் மிகுந்தவிடத்து, தூரம் இருமடங்கானால் ஒலிக்கு மூலமான விசை அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் சிறு வெள்ளிக்காசின் குரலைக் கேட்பதென்பது, கெட்டிமேளம் முழங்கும் முகூர்த்த வேளையில் மணப்பெண் தன் தோழியிடம் சொல்லும் ரகசியத்தைப் பந்தலின் வாயிலில் நின்று கேட்பதை ஒக்கும். அத்தனை நுட்பமான காது படைத்த சுருள், தானாகவே ஓர் ஏரியலாகவும் அமைந்துவிடுவதில் வியப்பில்லை. மின்கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கு நாணயத்தைப் போலப் போய்வரும் சிரமம் கிடையாது. அது தன் பிரதாபத்தை நேரே பேசுகிறது.

வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவையே திசைமாறுவதாயிற்றே, ஆயிரக்கணக்கில் அதிரும் கருவிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நல்ல ஆட்சேபணை. கம்பியில் ஓடுவது மாசற்ற 50 அன்று என்பதே விடை. மின்சாரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி உண்ணும் எல்.இ.டி. விளக்கு, கைபேசிச் சார்ஜர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் முதலிய நவீன ஜீவன்கள் அதன் மடங்குகளையும் வேறு பல அதிர்வுகளையும் அக்கம்பியிலேயே உமிழ்கின்றன. இண்டக்‌ஷன் அடுப்போ கருவியின் எல்லையை ஒட்டி, 20 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலேயே வேலை செய்கிறது. பக்கத்துச் சமையலறையில் பால் காய்வதைக் கொல்லைப்புறத்தில் புதையலாகக் கேட்கும் பாக்கியம் அடுப்பூதிய காலத்து மனிதர்களுக்குக் கிட்டியதில்லை.

மெய்யொலியையும் பொய்யொலியையும் பிரித்தறியும் பரீட்சை மிக எளிது. எளிதாகையால் எவரும் செய்வதில்லை. சுருளை மண்ணினின்றும் இடுப்பளவு உயர்த்தி, அசைக்காமல் பிடித்துக்கொண்டு செவிமடுக்க வேண்டும். பெரும்பாலான கருவிகளில் சுருளேனும் உலோகமேனும் அசைந்தாலன்றி மெய்யொலி பிறவாது. ஆதலின் அசைவற்ற நிலையிலும் கூச்சல் தொடருமாயின் குற்றம் மண்ணினுடையது அன்று. அடுத்து, சுருளை மெல்லச் செங்குத்தாகத் திருப்பி, நான்கு திசைக்கும் காட்ட வேண்டும். திசைக்குத் திசை கூச்சல் ஏறியும் இறங்கியும் வருமாயின் அது ஏரியலின் குணம். தரையில் வைத்து வீசும்போது ஒரே இடத்தில், இருபுறத்திலிருந்தும் வீச்சுதோறும் தவறாமல் வரும் ஒலியே தோண்டத் தகுந்தது. மண்ணின் தாதுவால் வரும் ஒலியோ சுருளைத் தரைக்குக் கொண்டுபோகையில் ஏறி, தூக்குகையில் அடங்கும். கருவியின் கம்பத்தோடு ஓடும் இணைப்புக் கம்பி தளர்ந்து ஆடினாலும் கூச்சல் வரும் என்பதால், முதற் பூர்வபட்சத்தாருக்கும் ஒரு மூலையில் பாய் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இவ்வித்தை செழித்தோங்கிய தேசம் இங்கிலாந்து. 1992-ல் சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸ்ன் கிராமத்தில், ஒரு குடியானவர் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுக்கப் போன எரிக் லாஸ் என்பவர், ஏறக்குறைய 15,000 ரோமானிய நாணயங்களும் பொன் நகைகளும் அடங்கிய புதையலைக் கண்ட நாள்தொட்டு, சுத்தியல் தொலைத்தவர்களுக்கு அங்கே ஒரு தனி மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. அந்நாட்டு வயல்வெளிகளில் பொய்யொலிக்குத் தலையாய பிறப்பிடம், மாடும் ஆடும் மேயும் முல்லை நிலத்து மின்வேலி. அது ஓயாமல் மின்சாரம் தாங்கி நிற்பதில்லை. ஏறக்குறைய விநாடிக்கு ஒரு தடவை, ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு, பல ஆயிரம் வோல்ட்டுத் துடிப்பு ஒன்றை அனுப்பிவிட்டு மௌனமாகிறது. காதில் அது 'டிக், டிக்' எனக் கடிகாரம் போல விழும். இந்த ஒழுங்கே அதைக் காட்டிக்கொடுப்பது. புதைந்த நாணயம் எதுவும் நேரம் பார்த்து ஒலிப்பதில்லை. வேலியின் கம்பி ஈரப் புல்லில் பட்டுக் கசிந்து பொறி தட்டுமாயின் கூச்சல் இன்னும் பெருகும். அவ்விஷயத்தைக் குடியானவரிடம் தெரிவிப்பது அவருக்கும் உபகாரம், நமக்கும் உபகாரம். உயர் அழுத்தக் கம்பிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவை ஒளிந்து நிற்பன அல்ல, அண்ணாந்து பார்ப்பதே போதும்.

தூரத்திலிருந்து வருவனவற்றுள் மின்னல் முதன்மையானது. மின்னலின் வானொலி ஆற்றல் பெரிதும் 5 முதல் 10 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டியே திரண்டிருப்பதும், அது பூமிக்கும் மேல்வானத்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடவல்லதாக இருப்பதும், நமது கருவிக்கென்றே செய்த சதி போலத் தோன்றும். இடி காதில் விழும் தூரத்தில் மழை வந்துவிட்டால் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, வெட்டவெளியையும் உலோகக் கம்பத்தையும் விட்டு அகல்வதே உத்தமம். அடுத்து, நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசும் நிலையங்கள். தாழ்ந்த அதிர்வெண்ணுக்குக் கடல்நீரைச் சில மீட்டராவது ஊடுருவும் சக்தி உண்டாகையால், இங்கிலாந்தின் கம்பர்லாந்துக் கரையில் ஆன்தார்ன் நிலையம் 19.6 கிலோ ஹெர்ட்ஸிலும், நமது திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணத்தில் 1990-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 18.2 கிலோ ஹெர்ட்ஸிலும் ஆழ்கடலுக்குச் செய்தி அனுப்புகின்றன. 18, 19 கிலோ ஹெர்ட்ஸில் வேலை செய்யும் மெட்டல் டிடெக்டர்களும் சந்தையில் உள்ளன. ஆகவே அத்தகைய நிலையத்தின் நிழலில் அத்தகைய கருவியோடு நிற்பவர், தாம் கேட்பது பாண்டியன் காசு என்று துள்ளுவதற்கு முன், அது தேசத்தின் பாதுகாப்பு இரகசியமாக இருக்கக்கூடும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

எல்லாவற்றினும் அண்மையில் இருக்கும் பகையோ சட்டைப் பையிலேயே இருக்கிறது. கைபேசியைத் தியாகம் செய்ய மனமில்லாதவர்கள் அதை விமானப் பயண நிலையிலாவது வைக்கலாம். துணைக்கு வரும் சிநேகிதரும் இவ்வகையைச் சேர்ந்தவரே. இருவர் ஒரே அதிர்வெண்ணுள்ள கருவிகளை அருகருகே வீசினால், ஒருவரது சுருள் எழுப்பும் புலத்தை மற்றவரது சுருள் வாங்கிக் கூவும். இருவரும் ஏககாலத்தில் முழந்தாளிட்டுத் தோண்டத் தொடங்குவர்.

நிவர்த்தி உபாயங்கள் நமது முன்னோர் அரசியலுக்கு வகுத்த நான்கேயாம். கருவியில் உள்ள இரைச்சல் நீக்கும் பொத்தானை அழுத்தி, சுருளை அசையாமல் வைத்திருக்க, கருவி அக்கம்பக்கத்து அதிர்வெண்களைச் சோதித்து அமைதியான ஒன்றில் தானே போய் அமர்வது சாமம். சிநேகிதரை எட்ட நிறுத்துவது, அல்லது இருவரும் வெவ்வேறு அதிர்வெண் கொள்வது பேதம். கைபேசியை அணைப்பதும், வீட்டுக்காரர் சம்மதித்தால் மெயின் சுவிட்சையே அணைப்பதும் தண்டம்; நிலத்துக்காரர் அறியாமல் மின்வேலியை அணைப்பது தண்டத்துள் அடங்காது, அது குற்றம். எஞ்சிய தானம் என்பது கருவியின் நுண்ணுணர்வைக் குறைப்பது. இதைச் செய்ய எவருக்கும் மனம் வருவதில்லை. குமிழை உச்சத்தில் திருகி வைத்தால்தான் கொடுத்த விலைக்கு நியாயம் செய்ததாக ஒரு பிரமை நிலவுகிறது. உச்சத்தில் கூச்சல் போடும் கருவி ஆழத்துக் காசின் மெல்லொலியைத் தன் கூச்சலுக்குள்ளேயே புதைத்துவிடுகிறது. இரண்டு மூன்று படி குறைத்தால் ஆழம் சிறிது குறையும், ஆனால் கேட்பது மெய்யாக இருக்கும். சிறிய சுருளை மாட்டுவதும் தானத்தின் ஒரு கிளையே; பரப்பு குறைந்த ஏரியல் குறைந்த வம்பையே கேட்கும். நான்கும் பலியாதவிடத்து ஐந்தாவதாக, எழுந்து வேறு வயலுக்குப் போவது என்றோர் உபாயம் உண்டு. அனுபவத்தில் இதுவே பிற நான்கையும்விட அதிகமாகப் பலித்திருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை.

இவ்வாறெல்லாம் பரீட்சித்து, மெய்யொலி என்று தெளிந்து, தோண்டிய குழியில் பொன்னே கிடைத்துவிட்டால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ம் ஆண்டுச் சட்டப்படி 14 நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில், 1878-ம் ஆண்டுச் சட்டப்படி, புதையல் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதாக இருந்தாலே கலெக்டருக்கு எழுதியாக வேண்டும். பொய்யொலியைப் பொறுத்தவரை இரு தேசத்திலும் எந்த அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டியதில்லை.