முதல் செஷன் மன்னர்

இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்து விழும். வட்டத்துக்குள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, பின்னால் மணி பிளான்ட். கீழே, "இவங்க எப்படி மச்சி?" பதில் போடுவதற்குள் அடுத்த படம்: தாடிக்காரர், பின்னால் செங்கல் சுவர். "இல்ல, இவரா?" தூங்கிவிட்ட மாதிரி நடிக்கவும் முடியாது. நீல டிக் காட்டிக்கொடுத்துவிடும். தன்னைத் தானே நேசிக்கக் கற்றுத்தரும் ஆன்லைன் தெரபிஸ்ட் ஒருவரை நம்மவர் தேடிக்கொண்டிருக்கிறார். 2020 ஊரடங்கில் ஊரே டால்கோனா காபி அடித்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்த தேடல். காபியை எல்லோரும் மறந்தாயிற்று. இது மட்டும் ஓயவில்லை.

ஆளுக்குப் பெரிய நோய் எதுவும் கிடையாது. பெருங்குடியில் ஐ.டி. வேலை, நங்கநல்லூரில் அப்பா வாங்கிப்போட்ட ஃபிளாட், அம்மா கைச் சாப்பாடு. படுத்தால் தூங்கிவிடுவார். குறை ஒன்றுதான்: தன்னைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பாராட்டினால் 'சும்மா சொல்றான்' என்று நெளிவார். பாராட்டாவிட்டால் ஒரு வாரம் அதையே சொல்லிப் புலம்புவார். மோரிஸ் ரோசன்பெர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1965-இல் வெளியிட்ட சுயமதிப்பு அளவுகோல் ஒன்று உண்டு. 10 கேள்வி, 30-க்கு மார்க். ஆராய்ச்சியாளர்கள் இன்றும் பயன்படுத்துவது. நம்மவர் அதை மாதாமாதம் எழுதி, மார்க்கை நண்பர்களுக்கு அனுப்புவார். "பதினாலு மச்சி. போன மாசம் பதினாறு." ஆறுதல் சொன்னால், "நீ எவ்வளவு?" என்று கேட்பார். இருபத்திரண்டு என்று வாய்தவறிச் சொன்னவரோடு கொஞ்ச நாள் பேச்சுவார்த்தையே இல்லை.

தேடல் நடப்பது எக்செல்லில். கட்டணம், மொழி, ஊர், சனிக்கிழமை உண்டா, மெசேஜுக்குப் பதில் போட எவ்வளவு நேரம் எடுத்தார், சிரிப்பு, பின்னணி, கடைசியாக 'வைப்' என்று வரிசையாகக் கட்டங்கள். ஒருவரை வேண்டாம் என்று முடிவு செய்தால் அந்த வரி தானாகவே சிவப்பாகிவிடும்படி ஃபார்முலா வேறு. இப்போது ஷீட்டைத் திறந்தால் கண் கூசுகிறது, அவ்வளவு சிவப்பு.

அத்தனை பேரும் ஒரே ஒரு செஷனோடு போனவர்கள். 50 நிமிடத்துக்கு 1,000 ரூபாயோ 2,500 ரூபாயோ, முதல் செஷனுக்கு யோசிக்காமல் ஜீபே பண்ணுவார். முடிந்த கையோடு தீர்ப்பு வந்துவிடும். பெங்களூரு அம்மையார் அளவுக்கு மீறி 'ம்ம்' சொன்னார். கொச்சிக்காரர் 'ம்ம்' சொல்லவே இல்லை, லைன் கட்டாகிவிட்டதோ என்று இவர்தான் "ஹலோ, கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அண்ணா நகர்க்காரரின் அலமாரியில் புத்தகங்களை நிறம் பார்த்து அடுக்கியிருந்தார்கள். "புக்கைக் கலர் பார்த்து அடுக்கறவங்க என்னை எப்படி மச்சி புரிஞ்சுப்பாங்க?" கோயம்புத்தூர்ப் பெண்மணி எடுத்த எடுப்பில் "சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். கொங்கு நாட்டில் அது வணக்கத்துக்குச் சமம். நம்மவரோ 'புரொஃபஷனலா இல்லை' என்று எழுதிவிட்டார். அடுத்து வந்தவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்கு 'அன்னியோன்னியம் போதாது'.

ஒருவர் மட்டும் எல்லாக் கட்டத்திலும் தேறினார். நண்பர்கள் வட்டாரமே பெருமூச்சு விட்டது. இரண்டாவது செஷனுக்கு முந்தின நாள் இவராகவே கேன்சல் செய்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு வந்த பதில்: "என்னை ரொம்ப சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டாங்கடா. பயமா இருந்துச்சு."

இவ்வளவு கட்டம் போட்டவர் போடாமல் விட்டது ஒன்று உண்டு. எதிரே இருப்பவர் என்ன படித்திருக்கிறார்? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்ய, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்கு எம்.ஃபில். மாதிரி கவுன்சில் அங்கீகரித்த படிப்பு வேண்டும். பதிவு எண்ணை எவரும் இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை. 'செல்ஃப் லவ் கோச்' என்று போட்டுக்கொள்ளவோ எந்தப் பதிவும் வேண்டாம். நல்ல போட்டோவும் நாலு ரீல்ஸும் போதும். பின்னணிச் சுவரின் நிறத்தைக் குறித்துக்கொண்ட மனிதர் பதிவு எண்ணைக் கேட்டதே இல்லை. கேட்டால் சந்தேகப்படுவதாக நினைத்துக்கொள்வார்களாம்.

அப்படித்தான் ஒரு கோச்சிடம் மாட்டினார். காலையும் மாலையும் கண்ணாடி முன் நின்று 'நான் அன்புக்குரியவன்' என்று சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. பாத்ரூம் கண்ணாடி முன் நின்று சொன்னார். வெளியே பக்கெட்டோடு அம்மா காத்திருந்தார். சில நாளில் இருந்த கொஞ்சநஞ்ச மனத்தெம்பும் போயிற்று. இதில் வியப்பே இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஜோஆன் வுட்டும் அவர் குழுவும் 2009-இல் ஏறக்குறைய இதே வாக்கியத்தை வைத்துச் சோதனை செய்து வெளியிட்டார்கள். ஏற்கெனவே சுயமதிப்பு உள்ளவர்கள் அதைச் சொல்லிக் கொஞ்சம் தெம்பானார்கள். அது குறைவாக இருந்தவர்களோ சொல்லாமல் இருந்தவர்களைவிடச் சோர்ந்துபோனார்கள். யாருக்குத் தேவையோ அவர்களையே அது படுத்தி எடுக்கிறது. இந்தச் செய்தியை அனுப்பியதும் நம்மவருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. "பாத்தியா, எனக்கு நிஜமாவே கம்மிதான். சயின்ஸே சொல்லுது."

உண்மையில் அவர் ஒவ்வொருவரையும் கழற்றிவிடுவதற்குச் சுவரும் அலமாரியும் சாக்குத்தான். புதிதாக ஒருவரிடம் போனால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு அது அலுப்பு. இவருக்கு அதுதான் பரம சுகம். சொல்லிச் சொல்லி அந்தக் கதை ஹரிகதை மாதிரி மெருகேறிவிட்டது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் கம்ம வேண்டும், எங்கே "பரவால்ல, ஐ ஆம் ஓகே" என்று ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும், எல்லாம் கணக்கு. எல்.கே.ஜி. மாறுவேடப் போட்டியில் பாரதியார் வேஷம் அத்தை பையனுக்குப் போய், இவருக்கு மரம் வேஷம் கிடைத்தது முதல் கட்டம். மூன்றாம் வகுப்பில் எதிர்வீட்டுப் பையனோடு ஒப்பீடு. ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் விடைத்தாளை வகுப்பு முழுக்கத் தெரியும்படி தூக்கிக் காட்டியது. இந்த இடத்தில் கால் மணி நேரம் போகும். ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலாவில், பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்காராமல் மகாபலிபுரம் வரை தனியாகப் போனது உச்சக்கட்டம். அதற்குள் 50 நிமிடம் ஆகிவிடும். தெரபிஸ்ட்டின் முகத்தில் பரிவு தெரியும். "அடுத்த வாரம் இங்கேருந்து தொடரலாம்" என்பார். அடுத்த வாரம் என்று ஒன்று வராது.

ஆக, சென்னை, பெங்களூரு, கொச்சி, புனே நகரங்களில் மனநல ஆலோசகர்கள் பலருக்கு நம்மவரின் வாழ்க்கை ஒன்பதாம் வகுப்பு வரை அத்துப்படி. அதற்கப்புறம் அவர் கல்லூரிக்குப் போனதோ, ஒரு பெண்ணிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமலே விட்டதோ, அப்பா திடீரென்று போய்ச் சேர்ந்ததோ அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

கதை அரங்கேறும் இடம் மொட்டை மாடி. இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் தனிமைக்கு எங்கே போவது? சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காதில் இயர்போன். குரல் கம்மும் கட்டம் வரும்போது பார்த்து, நாலாவது மாடி மாமி காய்ந்த துணி எடுக்க வருவார். உடனே "அந்த சர்வர் இஷ்யூவை நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று பேச்சு மாறும். எதிர்முனையில் இருப்பவர் அதையும் ஏதோ மன அறிகுறி என்று குறித்துக்கொண்டிருக்கக்கூடும். கதவருகே வந்த அம்மாவின் காதில் ஒரு நாள் 'லவ்' என்ற சொல் மட்டும் விழுந்துவிட்டது. பெங்களூரில் ஒரு பொண்ணு இருக்கிறாள் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். ஜாதகம்கூடக் கேட்கவில்லை, நல்லபடியாகப் பேசி முடித்தால் சரி என்று மாடிக்குக் காபி அனுப்ப ஆரம்பித்தார். விஷயம் தெரிந்தபோதுதான் இடிந்துபோனார். 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பெயரை வசவாகவே கேட்டு வளர்ந்த தலைமுறை. "கீழ்ப்பாக்கம் கேஸாடா நீ?" என்று கேட்டு அழுதார். மகனின் தலைமுறையோ ஆபீஸ் கேன்டீனில் "என் தெரபிஸ்ட் என்ன சொல்றாங்கன்னா" என்று சத்தமாகவே பேசுகிறது. அந்த மட்டுக்கும் நல்லதுதான்.

ரகசியம் காப்பதில் நம்மவர் கறார். 'பெட்டர்ஹெல்ப்' நிறுவனம் பயனாளர்களின் மனநலத் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2023-இல் 78 லட்சம் டாலர் கட்டவைத்த சங்கதியை எங்கோ படித்துவிட்டார். அதிலிருந்து எந்தத் தளமானாலும் அதன் தனியுரிமைக் கொள்கையை வரி விடாமல் வாசிக்கிறார். வாசித்து முடித்ததும் செஷனில் நடந்ததை ஸ்கூல் குரூப்பில் நாற்பது சொச்சம் பேருக்கு வாய்ஸ் நோட்டாகப் போடுகிறார். பாகம் ஒன்று, பாகம் இரண்டு.

ஒரே செஷனோடு நின்றுவிடுவது உலக வழக்கம்தான் என்று வக்காலத்து வாங்குவோர் உண்டு. கலிஃபோர்னியாவில் மோஷே டால்மன் என்ற உளவியலாளர், ஒரே முறை வந்துவிட்டுத் திரும்பாத தம்முடைய 200 பேரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். வெறுத்துப்போய் நின்றிருப்பார்கள் என்று பார்த்தால், 78 சதவீதம் பேர் தேவையானது கிடைத்துவிட்டது என்றார்கள். 1990-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். ஆனால் அவர்கள் போதும் என்று எழுந்து போனவர்கள். நம்மவர் அடுத்த கடைக்கு எழுந்து போகிறவர்.

இதுவரை சிரித்தாயிற்று. நண்பர்களிடம் கேட்டால் வேறு கதை வரும். இவர் தெரபிக்குக் கொடுத்ததைவிட அதிக மணி நேரத்தை அவர்கள் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் இலவசமாக. போன வருஷம் ஒருவர், அப்பாவுக்கு ஸ்ட்ரோக், ஐ.சி.யூ. வாசலில் நிற்கிறேன் என்று குரூப்பில் போட்டார். நம்மவரிடமிருந்து கைகூப்பும் படம் ஒன்று வந்தது. அடுத்த நிமிடமே அந்த நண்பரின் எண்ணுக்கே ஒரு ஸ்கிரீன்ஷாட்: "இவங்க ட்ராமா ஸ்பெஷலிஸ்ட். எனக்கு செட் ஆவாங்களா?" அப்பா எப்படி இருக்கிறார் என்ற கேள்வி அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. தன்னை நேசிக்கத் தெரியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர், அத்தனை நாளும் தன்னைத் தவிர வேறு யாரையும் நினைத்த மாதிரி தெரியவில்லை. அந்த நண்பர் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருக்கலாம்.

அதே மனிதர்தான் இதையும் செய்தார். டீமில் வேலை போன ஒரு சின்னப் பையன் நடுராத்திரியில் போன் செய்து ஒரு தினுசாகப் பேசியிருக்கிறான். நம்மவர் போனை வைக்கவே இல்லை. தன் மரம் வேஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. பேசிக்கொண்டே அவனுடைய ரூம்மேட்டை எழுப்பவைத்தார். 14416-க்கு அழைக்கச் சொன்னார். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ், இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். விடிந்ததும் ஆட்டோ பிடித்துப் போய் அவனை மருத்துவரிடம் அழைத்துப்போனார். எந்த மருத்துவர், பின்னணியில் என்ன செடி என்றெல்லாம் பார்க்கவில்லை. அந்த நம்பர் எப்படி ஞாபகம் வந்தது என்று கேட்டார்கள். எக்செல்லில் இரண்டாவது வரியாம். 'முகம் தெரியாது' என்று குறிப்பெழுதி அதையும் சிவப்பாக்கி வைத்திருந்தார்.

சமீபத்தில் ஒரு திருப்பம். தள்ளுபடி என்று போட்டிருந்ததைப் பார்த்து, நான்கு செஷன் பேக்கேஜ் ஒன்றுக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிட்டார். முதல் செஷன் வழக்கம்போல மகாபலிபுரத்தோடு முடிந்தது. தெரபிஸ்ட் பேசும்போது பேனாவை ஆட்டிக்கொண்டே இருக்கிறார், வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகுதான் விதிமுறையைப் படித்தார். பணம் திரும்பி வராது. மூன்று செஷன் காசு! இரவெல்லாம் புரண்டு படுத்துவிட்டு, தம் வாழ்க்கையில் முதன்முறையாக இரண்டாவது செஷனில் போய் உட்கார்ந்தார்.

"போன வாரம் ஒன்பதாவது வரைக்கும் வந்தோம்" என்று அந்த அம்மாள் ஆரம்பித்தாராம். "பத்தாவதுல என்ன ஆச்சு?"

அன்றிரவு பதினொன்றரைக்கு ஸ்கிரீன்ஷாட் வரவில்லை. போனே வந்தது.

"மச்சி, பத்தாவதுல ஒண்ணுமே ஆகலடா. எவ்வளவோ யோசிச்சுப் பாத்தேன். நான் ஸ்கூல் செகண்ட். இதை நான் யார்கிட்டயும் சொன்னதே இல்ல."

நண்பருக்குத் தூக்கக் கலக்கம். சும்மா இருந்திருக்கலாம். "சரி, ஃபர்ஸ்ட் யாரு?" என்று கேட்டுவிட்டார்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் பேனா மூடியைத் திறக்கும் சத்தம். "இரு, இதை எழுதிக்கறேன். வியாழக்கிழமை அவங்ககிட்ட சொல்லணும்."